ஜூலையில் அலாஸ்கா கப்பல்: மங்கி கேப்பா, டி-ஷர்ட்டா?

கேள்வி | ஏப்ரல் 11, 2024

ஜூலை முதல் வாரம் கனடாவின் வான்கூவரில் ஏறுகிறோம். ஏழு நாள். வழியில் கெச்சிக்கன், ஜூனோ, ஸ்காக்வே என்ற ஊர்கள், பனிப்பாறைகள் இறங்கும் கிளேசியர் பே விரிகுடா. நியூ ஜெர்சியிலிருந்து நாங்கள் இருவர், திருநெல்வேலியிலிருந்து வரும் அப்பா அம்மா. வானிலை ஆப்பில் அந்தப் பக்கம் ஜூலைக்கு 11 முதல் 17 டிகிரி என்று போட்டிருக்கிறது. கோடைதானே, டி-ஷர்ட்டும் ஒரு ஜாக்கெட்டும் போதும் என்கிறாள் மனைவி. அம்மா அதற்குள் மூன்று மங்கி கேப் வாங்கி வைத்துவிட்டார். யார் சொல்வது சரி? ஆளுக்கு ஒரு பெட்டியில் அடக்கிவிட முடியுமா?

ஏப்ரல் 12

இருவர் சொல்வதும் சரி. ஒரே நாளில், இரண்டு மணி நேர இடைவெளியில்.

நான் இரண்டு முறை போயிருக்கிறேன். 2018 ஜூன் கடைசியில் நானும் மனைவியும் சியாட்டிலிலிருந்து. 2022 ஜூலையில் கும்பகோணத்திலிருந்து வந்திருந்த அப்பா அம்மாவையும் மகளையும் கூட்டிக்கொண்டு வான்கூவரிலிருந்து. முதல் தடவை கொண்டுபோனது பாதி தப்பு. இரண்டாம் தடவை வேறு பாதி தப்பு.

ஆப் காட்டும் 17 டிகிரி ஊருக்குள் எடுத்த கணக்கு. நீங்கள் பாதி நேரம் நிற்கப்போவது டெக்கில். கப்பல் மணிக்கு 35 கிலோமீட்டர் வேகத்தில் போகும்போது எதிர்க்காற்றில் 10 டிகிரி என்பது உடம்புக்கு 6 டிகிரி மாதிரிதான் உறைக்கும். கதவைத் திறந்து உள்ளே வந்தால் 22 டிகிரி, காபி, மெத்தை நாற்காலி. பத்து நிமிடத்தில் முதுகு வியர்க்கும். அப்போது திமிங்கலம் என்று யாராவது கத்துவார்கள், மறுபடி வெளியே ஓட வேண்டும். நாள் முழுக்க இதே கதைதான்.

அதனால் ஒரு பெரிய குண்டு ஜாக்கெட் வேண்டாம். மெல்லிசாக மூன்று: உள்ளே உடம்போடு ஒட்டும் முழுக்கை தெர்மல், அதன்மேல் ஃபிளீஸ் என்ற பஞ்சு மாதிரி மெத்தென்ற சட்டை, அதற்குமேல் மழையும் காற்றும் புகாத ஜாக்கெட். ஜாக்கெட்டை ஒரு அளவு பெரிதாக வாங்குங்கள், உள்ளே மற்ற இரண்டும் அடங்க வேண்டுமே. ஹூஸ்டனில் வெளியே 36 டிகிரி இருக்கும்போது கடையில் பனியன்மேல் போட்டுப் பார்த்து "கச்சிதமா இருக்கு" என்று வாங்கிய அறிவாளி நான். ஜூனோவில் ஃபிளீஸ்மேல் போட்டால் ஜிப் ஏறவில்லை.

குடை வேண்டாம். பேன்ட் எதுவானாலும் பரவாயில்லை. ஆளுக்கு ஒரு பெட்டி தாராளம்.

ஏப்ரல் 12, இரவு

மேலே எழுதியதை மனைவி படித்துவிட்டு, "பேன்ட் எதுவானாலும் பரவாயில்லையா? கெச்சிக்கன் மறந்துபோச்சா?" என்று கேட்டாள். மறந்துதான் போயிருந்தது.

ஜீன்ஸ் கூடாது. ஒரு ஜீன்ஸ் பெட்டியில் இருக்கட்டும், கப்பலுக்குள் ராத்திரி சாப்பாட்டுக்குப் போட்டுக்கொள்ளலாம். கரை இறங்கும்போது வேண்டாம். பருத்தி நனைந்தால் கனக்கும், காயாது, உடம்புச் சூட்டையும் உறிஞ்சிவிடும். மழையில் முக்கால் மணி நேரம் நடந்தபோது முட்டிக்குக் கீழே இரண்டு ஈரக் கோணிகளைக் கட்டிக்கொண்டு நடந்த மாதிரி இருந்தது. கேபின் குளியலறையில் தொங்கவிட்டதில் மூன்றாம் நாளும் இடுப்புப் பட்டையில் ஈரம் போகவில்லை. நைலான் கலந்த மலையேறும் பேன்ட் ஒரு ராத்திரியில் காய்ந்துவிடும்.

ஏப்ரல் 15

மழையைப் பற்றி. கெச்சிக்கனில் ஆண்டுக்கு 3,500 மில்லிமீட்டருக்கு மேல் பெய்கிறது. சென்னையில் 1,400 சொச்சம்தான், அதுவும் பெரும்பாலும் இரண்டு மூன்று மாதத்தில் கொட்டித் தீர்த்துவிடும். கெச்சிக்கன் மழைக்கு அந்த அவசரம் கிடையாது. கப்பல் நிற்கும் இடத்தருகே ஆளுயரத்தைவிடப் பெரிய மழைமானி ஒன்றைப் படமாக வரைந்து நிறுத்தியிருக்கிறார்கள். மழைக்கு அந்த ஊர்க்காரர்கள் வைத்திருக்கும் பெயர் "திரவ வெயில்". ஊரைச் சுற்றி இருப்பது டோங்காஸ் காடு, அமெரிக்காவின் மிகப் பெரிய தேசிய வனம், மழைக்காடு. காடு அப்படிப் பச்சையாக நிற்கிறது என்றால் மழை இல்லாமலா?

உள்ளூர்க்காரர்கள் காலில் பழுப்பு நிற ரப்பர் பூட்ஸ், எக்ஸ்ட்ராடஃப் என்று பெயர். மீன் பிடிப்பவரும் அதுதான், கடைக்கு வரும் பாட்டியும் அதுதான். கையில் குடை வைத்திருந்தவர்கள் எல்லாம் எங்களைப் போலக் கப்பலிலிருந்து இறங்கியவர்கள்.

ஆனால் ஸ்காக்வே வேறு. மலை மறைவில் இருப்பதால் கெச்சிக்கனில் பெய்வதில் ஐந்தில் ஒரு பங்குகூட அங்கே பெய்யாது. பதிலுக்குக் காற்று. இரண்டு ஊருக்கும் ஒரே "அலாஸ்கா வானிலை" என்று ஆப்பில் பார்ப்பது ஊட்டியையும் ராமநாதபுரத்தையும் சேர்த்துத் தமிழ்நாட்டு வானிலை என்று பார்ப்பது மாதிரி.

ஏப்ரல் 16

ஷூ. இதை முதலில் சொல்லியிருக்க வேண்டும்.

உடம்பு நனைந்தால் கேபினுக்கு வந்து மாற்றிக்கொள்ளலாம். ஷூ நனைந்தால் அடுத்த ஊரையும் சேர்த்துக் கெடுக்கும். ஆளுக்கு இரண்டு ஜோடி, அதில் ஒன்று நீர் புகாதது. விமானத்தில் வரும்போது கனமான ஜோடியைக் காலில் போட்டுக்கொண்டு வந்துவிடுங்கள். சாக்ஸ் கம்பளி கலந்தது, ஆளுக்கு நாலு ஜோடி.

நனைந்த சாக்ஸைக் காயவைக்க ஒரு வித்தை, அம்மா சொல்லித்தந்தது. பிழிந்து தொங்கவிடக் கூடாது. உலர்ந்த துண்டை விரித்து, சாக்ஸை அதன்மேல் வைத்து, பாய் சுருட்டுவது போலத் துண்டோடு சேர்த்துச் சுருட்டி, அதன்மேல் ஏறி நிற்க வேண்டும். பத்து எண்ணும்வரை. அம்மா எடை போதவில்லை என்று அப்பாவையும் ஏறி நிற்கச் சொன்னார். இரண்டு பேரும் கைகோத்துக்கொண்டு துண்டுமேல் நின்றார்கள். அந்தப் பயணத்தில் நான் எடுத்த நல்ல படம் அதுதான், பனிப்பாறை படமெல்லாம் எல்லோரிடமும் இருக்கிறது. சாக்ஸ் காலையில் காய்ந்திருந்தது.

ஏப்ரல் 21

"அம்மா சேலைதான் கட்டுவார், வேறு எதுவும் போடமாட்டார், என்ன செய்வது" என்று கேட்டிருக்கிறீர்கள். எங்கள் வீட்டுக் கதையை அப்படியே சொல்கிறேன்.

எங்கள் அம்மாவும் அதே. அறுபத்தெட்டு வயதில் எதற்கு வேஷம் என்றார். சரி என்று உள்ளே தெர்மல் பேன்ட், மேலே சின்தெடிக் சேலை, ரவிக்கைமேல் முழுக்கை தெர்மல், அதன்மேல் ஸ்வெட்டர், ஜாக்கெட். முந்தானையை ஜாக்கெட்டுக்கு வெளியே விடுவதா உள்ளே விடுவதா என்று கேபினில் ஒரு கால்மணி நேரப் பஞ்சாயத்து. டெக்கில் இது பரவாயில்லை. தெர்மல் பேன்ட் மட்டும் இல்லாவிட்டால் காற்று சேலைக்குள் கீழேயிருந்து புகுந்துவிடும்.

கெச்சிக்கனில்தான் தோற்றோம். தரையெல்லாம் ஈரம். கிரீக் ஸ்ட்ரீட் ஓடைமேல் கட்டைக் கால் நட்டு, பலகை பாவிய தெரு. நூறடி நடப்பதற்குள் கொசுவத்தின் கீழ் ஓரம் தண்ணீரைக் குடித்துக் கணுக்காலில் சப்பென்று ஒட்டிக்கொண்டது. அம்மா ஒன்றும் சொல்லவில்லை, தூக்கிச் செருகிக்கொண்டு நடந்தார். திரும்பி வந்ததும் மருமகளைப் பார்த்து, "உன் சுடிதார் ஒண்ணு குடு, இந்த ஊருக்கு மட்டும்" என்றார். அடுத்த மூன்று ஊரும் "இந்த ஊர்" கணக்கிலேயே போயிற்று. கும்பகோணத்துக்கு அந்தப் படங்கள் அனுப்பக் கூடாது என்று உத்தரவு.

நீங்கள் வாக்குவாதம் செய்ய வேண்டாம். தைத்த சல்வார் இரண்டு உங்கள் பெட்டியில் போட்டு வையுங்கள். கேட்கும்போது எடுத்துக் கொடுத்தால் போதும். செருப்புதான் போடுவேன் என்றால் கட்டைவிரல் பிரிந்த சாக்ஸ் கப்பலுக்குள் சரி, வெளியே ஷூ கட்டாயம். இதில் மட்டும் விட்டுக்கொடுக்காதீர்கள்.

ஏப்ரல் 22

நான் 12ஆம் தேதி எழுதியதில் பெரிய தப்பு ஒன்று இருக்கிறது, நேற்று அம்மா கதை எழுதும்போதுதான் உறைத்தது. "குண்டு ஜாக்கெட் வேண்டாம்" என்று என் உடம்பை வைத்துச் சொல்லிவிட்டேன். நான் ஓரிடத்தில் நிற்பவன் இல்லை, கேமராவைத் தூக்கிக்கொண்டு இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் ஓடுவேன். அப்பா அம்மா ஒரு நாற்காலியைப் பிடித்தால் இரண்டு மணி நேரம் அசையமாட்டார்கள். நடக்கிற உடம்புக்குப் போதுமான துணி உட்கார்ந்திருக்கிற உடம்புக்குப் போதாது. அதிலும் சித்திரை வெயிலைப் பார்த்துவிட்டு நேராக வருபவர்கள்.

பெரியவர்களுக்கு ஃபிளீஸ்மேல் போட மடித்தால் சுருங்கும் மெல்லிய பஞ்சு ஜாக்கெட் ஒன்று தனியாக வாங்குங்கள். இறகு அடைத்தது வேண்டாம், நனைந்தால் கட்டிகட்டியாகிவிடும். செயற்கைப் பஞ்சு போதும். ஆக அவர்களுக்கு நாலு அடுக்கு. உங்கள் அம்மா வாங்கிய மங்கி கேப்பையும் குறை சொல்ல மாட்டேன். காதையும் கழுத்தையும் சேர்த்து மூடுகிற, காற்றில் பறக்காத தொப்பி இங்கே கடையில் அவ்வளவு விலைக்குக் கிடைக்காது.

மே 2

"வாட்டர் ரெசிஸ்டன்ட் என்று போட்ட ஜாக்கெட் தள்ளுபடியில் கிடைக்கிறது, வாங்கலாமா" என்ற கேள்விக்கு: அதே சொல்லை நம்பி 2018இல் நான் ஒன்று வாங்கினேன். தூறலுக்குத் தாங்கும், நாற்பது நிமிட மழைக்குத் தாங்காது. முதலில் தோள் தையல் வழியாகப் புகுந்தது, அப்புறம் முழங்கை மடிப்பு. பையில் இருந்த காகிதம்கூடச் சொதசொதவென்று ஆகிவிட்டது.

கடையில் ஜாக்கெட்டை உள்பக்கம் திருப்பிப் பாருங்கள். தையல்மேல் பட்டையாக டேப் ஒட்டியிருந்தால் மழைக்கு ஆகும். வாங்கியதும் வீட்டுக் குளியலறையில் போட்டுக்கொண்டு ஷவரின்கீழ் பத்து நிமிடம் நில்லுங்கள். இரண்டாம் தடவை நான் இப்படித்தான் செய்தேன். மகள் வீடியோ எடுத்து வகுப்புத் தோழிகளுக்கெல்லாம் அனுப்பிவிட்டாள். ஜாக்கெட் தேறியது.

மே 3

பிளாஸ்டிக் பாஞ்சோ, அதாவது தலைவழியே மாட்டும் மழைப் போர்வை: வேண்டாம். காற்றில் முகத்தில் வந்து அறையும்.

மே 19

குடையைப் பற்றிச் சொன்னதில் பாதியை வாபஸ் வாங்குகிறேன். அப்பா என் பேச்சைக் கேட்காமல் மடக்குக் குடை கொண்டுவந்தார். கெச்சிக்கன் தெருவில் காற்றே இல்லை, நேராகப் பெய்தது. எல்லோரும் ஜாக்கெட் தொப்பிக்குள் தலையைப் புதைத்துக்கொண்டு நடக்க, அவர் மட்டும் கண்ணாடியில் ஒரு சொட்டு விழாமல் கடைகடையாக வேடிக்கை பார்த்தார். மூக்குக் கண்ணாடி போட்டவர்களுக்குக் குடை தேவைதான். டெக்கில் விரித்தார், ஒரே நொடியில் தாமரைப் பூ.

கிளேசியர் பே நாளைப் பற்றித் தனியாகக் கேட்டீர்கள். அன்றைக்குத்தான் இருக்கிற எல்லாவற்றையும் போட வேண்டும். காலையில் தேசியப் பூங்கா ரேஞ்சர்கள் படகில் வந்து கப்பலில் ஏறுவார்கள், ஒலிபெருக்கியில் சொல்லிக்கொண்டே வருவார்கள். 1794இல் வான்கூவர் என்ற ஆங்கிலேயக் கடலோடியின் குழு வந்தபோது விரிகுடாவின் வாயிலேயே பனிச்சுவர் நின்றதாம். இன்று அந்தப் பனியைப் பார்க்க 100 கிலோமீட்டர் உள்ளே போக வேண்டியிருக்கிறது. மார்ஜரி பனிப்பாறை முன்னால் கப்பல் நின்று, எல்லாப் பக்கத்துக்கும் தெரியட்டும் என்று மெல்லச் சுற்றும். அங்கே கப்பலின் வேகத்தால் வரும் காற்று இல்லை. ஆனால் பனிமேல் கிடக்கும் குளிர்ந்த காற்று கனம் தாங்காமல் சரிவில் இறங்கி நேராக முகத்துக்கு வரும். வெயில் அடிக்கும், மூக்கு உறையும். பனி பிளந்து விழும்போது வரும் சத்தத்தை அந்தப் பகுதிப் பழங்குடிகளான ட்லிங்கிட் மக்கள் "வெள்ளை இடி" என்பார்களாம். சத்தம் கேட்டுத் திரும்பினால் விழுந்து முடிந்திருக்கும். ஒளி கண்ணுக்கு முதலில் வந்துவிடும், நாம்தான் அந்த நேரம் கையுறையைக் கழற்றிக்கொண்டிருப்போம். அதனால் போன் திரையைத் தொடக்கூடிய மெல்லிய கையுறை.

ஒரு பிளாஸ்க். பஃபேயில் வெந்நீர் பிடித்து, சுக்குப் பொடி போட்டு டெக்குக்குக் கொண்டுவந்தோம். பக்கத்து நாற்காலி அமெரிக்கத் தம்பதி என்ன வாசனை என்று கேட்டு ஆளுக்கு அரை டம்ளர் குடித்தார்கள். அந்தம்மா மறுநாளும் வந்தார்.

ஜூன் 1

சாப்பாட்டு மூட்டை பற்றி இங்கே இருபது பேர் எழுதிவிட்டதால் ஒன்று மட்டும். ஜூனோவில் மெண்டன்ஹால் பனிப்பாறைக்குப் புளியோதரை கட்டிக்கொண்டு போகாதீர்கள். கரடி நடமாடும் இடம், அந்தப் பாதைகளில் தண்ணீர் தவிர எதுவும் கூடாது. நாங்கள் கட்டிக்கொண்டு போனோம். பேருந்து நிற்கும் இடத்தில் பலகையைப் பார்த்துவிட்டு, காலை பத்து மணிக்கு ஐந்து பேரும் நின்றபடியே தின்று முடித்தோம்.

ஜூன் 8

இப்போது எதிர்ப்பக்கம். எல்லோரும் குளிருக்கே மூட்டை கட்டுகிறீர்கள். 2018இல் ஸ்காக்வேயில் எங்களுக்கு 26 டிகிரி, தெர்மலோடு இறங்கி வெந்துபோனோம். 2019 ஜூலை 4 அன்று ஆங்கரேஜில் 32 டிகிரி போனது, அந்த ஊர் அதுவரை கண்டிராத வெயில். அரைக்கை சட்டை இரண்டு, வெயில் தொப்பி, கறுப்புக் கண்ணாடி, சன்ஸ்கிரீன் கட்டாயம். நீரும் பனியும் வெளிச்சத்தைத் திருப்பி அடிக்கும். என் மூக்கு கறுத்தது கடற்கரையில் இல்லை, பனிப்பாறை முன்னால்.

ஸ்காக்வேயில் ஒயிட் பாஸ் ரயிலில் போகிறீர்கள் என்றால் வேறு கணக்கு. கடல் மட்டத்திலிருந்து 873 மீட்டர் ஏறுகிறது. கீழே சட்டை, மேலே மூடுபனி. பெட்டிக்கும் பெட்டிக்கும் நடுவே திறந்த மேடை இருக்கிறது, படம் எடுக்க எல்லோரும் அங்கேதான் நிற்பார்கள். 1898இல் இந்த மலைகள் வழியாகத் தங்கம் தேடிப் போனவர்கள் ஆளுக்கு ஒரு வருடச் சாமான், ஏறக்குறைய ஒரு டன், கொண்டுவந்தால்தான் கனடா போலீஸ் எல்லையில் உள்ளே விட்டதாம். முதுகில் சுமந்து முப்பது நாற்பது நடை ஏறி இறங்கியிருக்கிறார்கள். வழிகாட்டி இதைச் சொன்னதும் அப்பா திரும்பி அம்மாவைப் பார்த்தார். "நீ இருந்திருந்தா முதல் நாளே விட்டிருப்பான்."

ஜூன் 9

வெளிச்சம். மறந்தே போனேன். அங்கே ஜூலை தொடக்கத்தில் ராத்திரி பத்துக்குத்தான் சூரியன் மறையும், நாலு மணிக்கு மறுபடி ஆஜர். கேபின் திரைச்சீலை நடுவில் சேராது, ஒரு கோடு வெளிச்சம் சரியாக அப்பா முகத்தில் விழுந்தது. அம்மா சேலையில் குத்தும் ஊக்கு நாலை எடுத்துக் குத்திச் சேர்த்தார். ஊக்கு கொண்டுபோங்கள்.

காந்தக் கொக்கிகளும். கேபின் சுவர் இரும்புத் தகடு, அப்படியே ஒட்டிக்கொள்ளும். ஐந்து ஈர ஜாக்கெட்டை வேறு எங்கே மாட்டுவீர்கள்? இஸ்திரிப் பெட்டி கொண்டுபோகாதீர்கள், ஏறும்போதே வாங்கி வைத்துக்கொள்வார்கள்.

ஜூன் 20

இரண்டு விபத்துகள், இரண்டும் பெட்டியால் வந்தவை.

முதல் நாள்: துறைமுகத்தில் பெரிய பெட்டிகளை வாங்கிக்கொள்வார்கள், கேபினுக்கு வந்துசேர மாலை ஆகும். எங்களுக்கு இரவு எட்டு. ஜாக்கெட் எல்லாம் அதற்குள்ளே. வான்கூவரில் கப்பல் லயன்ஸ் கேட் பாலத்துக்கடியில் நுழையும் நேரம் யாருக்கும் உள்ளே இருக்க மனம் வராது. நாங்கள் ஐந்து பேரும் நீச்சல்குளத்துக்கு வைத்திருந்த நீலத் துண்டுகளைப் போர்த்திக்கொண்டு நின்றோம். ஜாக்கெட், மருந்து, ஒரு மாற்றுடை தோள்பையில் இருக்கட்டும்.

கடைசி இரவு: பெட்டிகளைப் பூட்டிக் கதவுக்கு வெளியே வைத்துவிட வேண்டும், காலையில் கரையில் எடுத்துக்கொள்ளலாம். மனைவி சுறுசுறுப்பாக எல்லாவற்றையும் மடித்து அடுக்கி வெளியே வைத்துவிட்டாள். காலை ஆறு மணிக்கு அப்பா லுங்கியோடு கேபின் கதவைத் தட்டினார். அவருடைய பேன்ட் அத்தனையும் பெட்டிக்குள் போய்விட்டது. என்னுடையது இடுப்பில் நிற்கவில்லை. கடைசியில் தோள்பையில் இருந்த பட்டுவேட்டி, கப்பலில் எல்லோரும் நன்றாக உடுத்தி வரும் ஃபார்மல் இரவு விருந்துக்குக் கட்டியது. குடியேற்ற அதிகாரி அவரை மேலும் கீழும் பார்த்துவிட்டு, "கல்யாணமா?" என்று கேட்டார். அப்பா "ஆமாம்" என்றார்.

ஜூன் 24

கேட்ட மற்றொருவருக்கு: சியாட்டிலில் ஏறி சியாட்டிலில் இறங்கினாலும் இந்தியப் பாஸ்போர்ட்டுக்குக் கனடா விசா வேண்டும். அந்தக் கப்பல்கள் வழியில் கனடாவின் விக்டோரியாவில் நிற்பதே 1886ஆம் ஆண்டுச் சட்டம் ஒன்றால்தான். வெளிநாட்டுக் கொடி ஏற்றிய கப்பல் நடுவில் ஓர் அயல்நாட்டுத் துறைமுகத்தைத் தொடாமல் அமெரிக்காவில் ஏற்றி அமெரிக்காவிலேயே இறக்கக் கூடாது. பெற்றோருடைய அமெரிக்க விசா பலமுறை நுழைய அனுமதிப்பதா என்றும் பாருங்கள். ஸ்வெட்டர் இல்லாவிட்டால் ஜூனோவில் வாங்கிக்கொள்ளலாம். இதை வாங்க முடியாது.

கேள்வி கேட்டவர் | ஜூலை 13

வந்துவிட்டோம். கெச்சிக்கனில் பளீரென்று வெயில், குடைக்கும் ரெயின் பேன்ட்டுக்கும் வேலையே இல்லை. ஜூனோவில் விடாமல் மழை. திமிங்கலம் பார்க்கப் போன சின்னப் படகு வேகம் எடுத்ததும் அம்மா உள்ளே ஹீட்டர் பக்கத்தில் உட்கார்ந்துவிட்டார், வால் மட்டும் ஜன்னல் வழியே பார்த்தாராம். சல்வார் இரண்டாம் நாளே கேட்டுவிட்டார், நீங்கள் சொன்னபடி பேசாமல் எடுத்துக் கொடுத்தேன். கிளேசியர் பேயில் அப்பாவுக்கு நாலு அடுக்கு, எனக்கும் நாலு. முந்தாநாள் வரை மங்கி கேப்பைக் கிண்டல் செய்த என் மனைவியின் தலையில் ஒன்று, அப்பா தலையில் ஒன்று. மூன்றாவது எங்களிடம் இல்லை. மார்ஜரி முன்னால் அரை டிராயரோடு பல் கிடுகிடுக்க நின்றிருந்த ஒரு வெள்ளைக்காரப் பையனின் தலையில் அம்மா தானே மாட்டிவிட்டு, தாடைக்குக் கீழே இழுத்தும் விட்டுவிட்டார். அவன் அதைக் கழற்றவே இல்லை. ராத்திரி சாப்பாட்டுக்கும் அதோடுதான் வந்தான்.

ஜூலை 13

அப்போது மூன்று என்பது சரியான கணக்குதான். சாக்ஸ் காய்ந்ததா?